சால்பூட்டமாலுக்குப் பிறகு 100 மி.லி.: ஒரு சிஓபிடி நோயாளி, நான்கு ஸ்பைரோமெட்ரி அறிக்கைகள்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய் விரிப்பி மருந்தின் பலனை ஸ்பைரோமெட்ரியால் (ஊதும் காற்றை அளக்கும் சோதனை) அளப்பது பற்றி, கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. தனி ஒருவரின் கதையல்ல. நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்கள் ஒரே நோயாளியிடம் தெரியும்படி விவரங்களும் எண்களும் தொகுக்கப்பட்டுள்ளன.

நோயாளி

64 வயது ஆண். உயரம் 166 செ.மீ., எடை 54 கிலோ. ஏறத்தாழ 40 பேக்-வருடப் புகைப்பழக்கம் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 40 ஆண்டுக்கு ஈடு); ஓராண்டுக்கு முன் முழுவதுமாக விட்டுவிட்டார். நான்கு ஆண்டுகளாக மூச்சிரைப்பு. சமதரையில் நூறு மீட்டர் நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது, அதாவது 0 முதல் 4 வரையான எம்எம்ஆர்சி மூச்சிரைப்பு அளவில் 3. காலையில் கொஞ்சம் சளி வரும். சிறு வயதில் இழுப்பு இருந்ததில்லை. தும்மல், மூக்கொழுகல், ஒவ்வாமை எதுவும் இல்லை. இரவில் மூச்சு முட்டி எழுந்ததில்லை. கடந்த ஓராண்டில் நோய் திடீரென முற்றி மருந்து கூட்டவோ மருத்துவமனையில் சேரவோ நேரவில்லை.

வேறோர் இடத்தில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கண்டறிந்து, தினம் ஒருமுறை இழுக்கும் டையோட்ரோப்பியம் (நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் விரிப்பி) கொடுத்திருந்தார்கள். பல மாதங்கள் கழித்து அங்கேயே ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். அறிக்கையின் கடைசி வரி: “மூச்சுக்குழாய் விரிப்பிக்குப் பலன் இல்லை.” அந்த வரியை நம்பி டையோட்ரோப்பியத்தை நிறுத்தி, தேவைப்படும்போது மட்டும் சால்பூட்டமால் (குறுகிய நேரம் வேலை செய்யும் விரிப்பி) இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து, முன்பைவிட அதிக மூச்சிரைப்போடு எங்களிடம் வந்தார். கேட் மதிப்பெண் (அறிகுறிகளின் சுமையை 0 முதல் 40 வரை அளக்கும் வினாத்தாள்) 24.

வந்தவர் சொன்ன முதல் விஷயமே முக்கியமானது. “மிஷின்ல ஒண்ணும் ஏறலைன்னு சொன்னாங்க டாக்டர். ஆனா அந்த மருந்தை இழுத்துக்கிட்டிருந்தப்போ குளிச்சுட்டுத் தலை துவட்டுற வரைக்கும் மூச்சு வாங்காது. இப்போ பாதியில உட்கார வேண்டியிருக்கு.”

நோயாளியின் சொல்லும் அறிக்கையின் வரியும் இப்படி மோதும்போது அறிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவீட்டில் பிழை நுழைய வழிகள் அத்தனை இருக்கின்றன.

முதல் அறிக்கை

மருந்துக்கு முன் எஃப்இவி1 (பலமாக ஊதும்போது முதல் வினாடியில் வெளிவரும் காற்று) 1.14 லிட்டர், எஃப்விசி (அப்படி ஊதி முடிக்கும்வரை வெளிவரும் மொத்தக் காற்று) 2.41 லிட்டர். மருந்துக்குப் பின் 1.24, 2.53. எஃப்இவி1-ஐ எஃப்விசியால் வகுத்த விகிதம் 0.47-லிருந்து 0.49. எஃப்இவி1 ஏற்றம் 100 மி.லி., அடிப்படை அளவில் 8.8 விழுக்காடு. எந்த வரையறைப்படி பார்த்தாலும் இது “பலன்” ஆகாது. கணக்கில் பிழையில்லை. கணக்குக்கு முந்தைய படிகளில்தான் கோளாறு.

அன்று காலை ஏழு மணிக்கு அவர் டையோட்ரோப்பியம் இழுத்திருக்கிறார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்கெனவே மருந்தால் விரிந்திருந்த குழாய்களில் இன்னொரு மருந்து எவ்வளவு விரிக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை அளந்தது. கொடுத்த சால்பூட்டமாலும் இரண்டே அழுத்தங்கள், 200 மைக்ரோகிராம். ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி மெல்ல இழுக்க உதவும் குழல்) இல்லாமல் நேரடியாக வாயில். அறிக்கையில் அச்சாகியிருந்த நேரங்களைப் பார்த்தோம்: முன் ஊதல் 10:42, பின் ஊதல் 10:49. அந்த ஏழு நிமிடத்துக்குள் மருந்தும் கொடுத்து மறுபடி ஊதவும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அறிக்கையில் எண்களை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. கனஅளவு-நேர வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் சரியாக ஆறாவது வினாடியில் அறுந்து நின்றன. கோடு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, தட்டையாகவே இல்லை. ஆறு வினாடி ஆனதும் “போதும்” என்று சொல்லியிருக்கிறார்கள். கடும் அடைப்பு உள்ளவரின் காற்று ஆறு வினாடியில் வெளியேறி முடிவதில்லை. ஆகவே அந்த அறிக்கையின் எஃப்விசி, முன்னும் சரி பின்னும் சரி, உண்மையான எஃப்விசி அல்ல. மருந்தின் பலன் ஊதலின் பின்பகுதியில் தெரிவதாக இருந்திருந்தால், அந்தப் பகுதியையே அவர்கள் வெட்டிவிட்டார்கள்.

இரண்டாவது சோதனை

டையோட்ரோப்பியம் நின்று ஆறு வாரமாகிவிட்டதால் அதன் மிச்சம் பற்றிய கவலை இல்லை. கடைசியாகச் சால்பூட்டமால் இழுத்தது முந்தைய இரவு. அமெரிக்க தொராசிக் சொசைட்டியும் ஐரோப்பிய ரெஸ்பிரேட்டரி சொசைட்டியும் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட ஸ்பைரோமெட்ரி தர வரையறை சொல்லும் இடைவெளிகள் இவை: சால்பூட்டமால் போன்ற குறுகிய நேர மருந்துக்கு 4 முதல் 6 மணி, இப்ராட்ரோப்பியத்துக்கு 12 மணி, நாளுக்கு இருமுறை இழுக்கும் லாபா (நீண்ட நேர பீட்டா-2 தூண்டி) மருந்துக்கு 24 மணி, ஒருமுறை இழுப்பதற்கு 36 மணி, டையோட்ரோப்பியம் உள்ளிட்ட லாமா (நீண்ட நேர அசிட்டைல்கோலின் தடுப்பி) வகைக்கு 36 முதல் 48 மணி. இந்தக் கடைசி இடைவெளிதான் அடிக்கடி தவறிப்போகிறது. காலையில் ஒருவேளை இழுக்காமல் வந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தொழில்நுட்பர் அவரை முதுகு சாய்ந்த நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து மூக்குக் கவ்வியைப் போட்டார். “ஐயா, முழுசா இழுங்க… இன்னும் இழுங்க… இப்போ வெடிச்ச மாதிரி ஊதுங்க!” முதல் வினாடி சத்தமாகப் போனது. அதன் பிறகு ஊதுகிறாரா இல்லையா என்றே வெளியே தெரியவில்லை. திரையில் மட்டும் கோடு மெல்ல மெல்ல மேலே நகர்ந்தது. “விடாதீங்க, விடாதீங்க, இன்னும் வருது, இன்னும் வருது” என்று தொழில்நுட்பர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினோராவது வினாடியில் கோடு தட்டையானது. ஒரு வினாடிக்கு 25 மி.லி.க்கும் குறைவான மாற்றம் இருந்தால்தான் ஊதல் முடிந்ததாகக் கொள்ளலாம்; அல்லது 15 வினாடி கடந்திருக்க வேண்டும். ஊதல்களுக்கு நடுவே நன்றாக ஓய்வு கொடுத்தோம். சிறந்த இரண்டு ஊதல்களின் எஃப்இவி1 வேறுபாடு 40 மி.லி., எஃப்விசி வேறுபாடு 70 மி.லி. இரண்டும் 150 மி.லி. வரம்புக்குள் அடங்கின.

பிறகு சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு அழுத்தங்கள், ஸ்பேசர் வழியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒவ்வொரு தடவையும் மெல்ல முழு மூச்சு இழுத்து, ஐந்து முதல் பத்து வினாடி அடக்கி, அரை நிமிடம் விட்டு அடுத்தது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதினார்.

எஃப்இவி1: 1.02 → 1.18 லிட்டர், ஏற்றம் 160 மி.லி.
எஃப்விசி: 2.28 → 2.74 லிட்டர், ஏற்றம் 460 மி.லி.
விகிதம்: 0.45 → 0.43
இழுப்புக் கொள்ளளவு (இயல்பாக மூச்சு விட்ட பின் உள்ளே இழுக்கக்கூடிய முழு அளவு): 1.58 → 1.93 லிட்டர், ஏற்றம் 350 மி.லி.

இவருடைய வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவரிடம் எதிர்பார்க்கும் எஃப்இவி1 2.70 லிட்டர், எஃப்விசி 3.50 லிட்டர். மருந்துக்குப் பின்னான எஃப்இவி1 எதிர்பார்ப்பில் 44 விழுக்காடு. கோல்டு எனும் உலக சிஓபிடி வழிகாட்டியின்படி நிலை 3, அதாவது கடும் அடைப்பு. மருந்துக்குப் பிறகும் விகிதம் 0.70-க்கு வெகு கீழே இருப்பதால் அடைப்பு நிலையானது என்பதில் ஐயமில்லை.

“பலன் உண்டா?” என்ற கணக்கு

அதே இரு சங்கங்களின் 2005 கூட்டு வரையறைப்படி எஃப்இவி1 அல்லது எஃப்விசி அடிப்படை அளவைவிட 12 விழுக்காடும், கூடவே 200 மி.லி.யும் ஏற வேண்டும். இவருடைய எஃப்இவி1 15.7 விழுக்காடு ஏறியிருக்கிறது, ஆனால் 160 மி.லி.தான். ஒரு நிபந்தனை நிறைவேறியது, மற்றது இல்லை. எஃப்விசி 20 விழுக்காடு, 460 மி.லி. இரண்டும் நிறைவேறின.

2021-ல் வந்த வரையறை பகுதியெண்ணையே மாற்றிவிட்டது. ஏற்றத்தை அடிப்படை அளவால் வகுக்காமல், எதிர்பார்க்கும் அளவால் வகுக்க வேண்டும்; 10 விழுக்காட்டைத் தாண்டினால் பலன் உண்டு. எஃப்இவி1: 160-ஐ 2700-ஆல் வகுத்தால் 5.9 விழுக்காடு, பலன் இல்லை. எஃப்விசி: 460-ஐ 3500-ஆல் வகுத்தால் 13.1 விழுக்காடு, பலன் உண்டு.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். பழைய கணக்கில் நோய் முற்ற முற்ற அடிப்படை அளவு சுருங்கும். அதே சிறு ஏற்றம் பெரிய விழுக்காடாக வீங்கித் தெரியும். எஃப்இவி1 0.70 லிட்டர் உள்ளவருக்கு வெறும் 100 மி.லி. ஏறினாலும் 14 விழுக்காடு வந்துவிடும். அந்த வீக்கத்தைத் தடுக்கத்தான் 200 மி.லி. நிபந்தனை. ஆனால் அதுவே குள்ளமான, சிறிய நுரையீரல் கொண்டவர்களுக்கு எட்டாத உயரமாகிவிடுகிறது. எதிர்பார்க்கும் அளவால் வகுத்தால் இரண்டு சிக்கலும் குறைகின்றன.

எந்த வரையறையைப் பயன்படுத்தினாலும் இயல்பான ஏற்ற இறக்கத்தை மறக்கக் கூடாது. அடைப்பு உள்ளவர்களிடம் மருந்து எதுவும் தராமல் சிறிது நேரத்தில் மறுபடி அளந்தாலே எஃப்இவி1 ஏறத்தாழ 160 மி.லி., எஃப்விசி ஏறத்தாழ 330 மி.லி. வரை மாறக்கூடும். அப்படிப் பார்த்தால் இவருடைய எஃப்இவி1 ஏற்றம் சரியாக அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. எஃப்விசி ஏற்றம் எல்லையைத் தெளிவாகத் தாண்டியிருக்கிறது.

எஃப்விசிக்கு மட்டும் இன்னொரு சோதனை தேவை. மருந்துக்குப் பின் அவர் 13 வினாடி ஊதியிருக்கிறார், முன்பு 11. அதிக நேரம் ஊதியதால்தான் அதிகம் வந்ததா? பின் வரைபடத்தில் 11-வது வினாடியில் இருந்த கனஅளவைப் படித்தோம்: 2.68 லிட்டர். ஒரே நேர அளவில் ஒப்பிட்டாலும் ஏற்றம் 400 மி.லி.; எதிர்பார்ப்பில் 11.4 விழுக்காடு. நேரத்தால் வந்தது 60 மி.லி. மட்டுமே. இந்த ஒப்பீட்டைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யாமல் எஃப்விசி பலனை அறிக்கையில் எழுதக் கூடாது.

காற்று எங்கே போனது

விகிதம் 0.45-லிருந்து 0.43-ஆக இறங்கியதைப் பார்த்து ஒரு பயிற்சி மருத்துவர், “மருந்து கொடுத்ததும் அடைப்பு கூடிவிட்டதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மேலே உள்ள எண்ணைவிட (எஃப்இவி1) கீழே உள்ள எண் (எஃப்விசி) அதிகம் வளர்ந்தது, அவ்வளவுதான். விகிதம் நோயைக் கண்டறியத்தான் உதவும். மருந்தின் பலனை அளக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

எம்பைசீமாவில் (சிஓபிடியில் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் சிதைவது) நுரையீரல் தன் மீள்விசையை இழக்கிறது. மூச்சு விடும்போது சிறு குழாய்களைத் திறந்து பிடித்திருக்கும் இழுவை தளர்ந்துபோவதால், காற்று முழுதும் வெளியேறுமுன்பே அவை மூடிக்கொள்கின்றன. உள்ளே சிக்கிய காற்றின் மேல்தான் அடுத்த மூச்சு ஏறுகிறது. வேகமாக நடந்தால் மூச்சு விட நேரம் குறையும், சிக்கும் காற்று இன்னும் கூடும், உதரவிதானம் தட்டையாகும், இழுக்க இடம் மிஞ்சாது. இந்த நோயாளிகள் “மூச்சை உள்ளே இழுக்கவே முடியலை” என்று சொல்வது இதனால்தான். வெளியே விடுவதில் உள்ள தடை அவர்களுக்கு உள்ளே இழுப்பதில் உள்ள தடையாகத் தெரிகிறது.

மருந்து சிறு குழாய்களைச் சற்றே கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. பலவந்தமாக ஊதும் முதல் வினாடியில் குழாய்கள் அழுத்தத்தால் நசுங்கிவிடுவதால் அந்தப் பலன் எஃப்இவி1-ல் அதிகம் தெரியாமல் போகலாம். ஆனால் சிக்கியிருந்த காற்று வெளியேறும். நுரையீரலில் உள்ள மொத்தக் காற்றை அளக்கும் பிளெத்திஸ்மோகிராபி பெட்டிக்குள் உட்கார வைத்து அளந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது: எஞ்சிய கனஅளவு (முழுதும் ஊதிய பின்னும் உள்ளே தங்கும் காற்று) 3.90 லிட்டரிலிருந்து 3.42-க்கு இறங்கியது. நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு 6.30-லிருந்து 6.22, அதாவது கிட்டத்தட்ட மாறவில்லை. மொத்த இடம் அதே. அதில் வீணாக அடைந்து கிடந்த பங்கு குறைந்து, மூச்சு இழுக்கப் பயன்படும் பங்கு கூடியிருக்கிறது. இழுப்புக் கொள்ளளவு மொத்தத்தில் 25 விழுக்காடாக இருந்தது 31 ஆனது. 25 அல்லது அதற்குக் கீழே இருப்பது இறப்பு அபாயம் கூடுவதோடு தொடர்புடையது என்பதால் இந்த எண்ணை நான் எப்போதும் பார்ப்பேன்.

தலை துவட்டும் வரை மூச்சு வாங்காது என்று அவர் சொன்னதற்கான விளக்கம் இந்த 350 மி.லி.தான். கைகளை உயர்த்தி வேலை செய்யும்போது தோள், மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ முடியாது. உதரவிதானத்துக்குக் கிடைக்கும் இடம்தான் எல்லாமே.

கோல்டு 2025 அறிக்கை இப்படிப்பட்டவர்களைக் கனஅளவில் பலன் காட்டுபவர்கள் என்றும், எஃப்இவி1-ல் ஏற்றம் காட்டுபவர்களை ஓட்டத்தில் பலன் காட்டுபவர்கள் என்றும் பிரித்துப் பேசுகிறது. முதல் வகையினரிடம் மருந்துக்கு முன் விகிதம் 0.70-க்கு மேல் இருந்து, மருந்துக்குப் பின் எஃப்விசி வளர்ந்து விகிதம் கீழே இறங்கி நோய் வெளிப்படுவதும் உண்டு. இவருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவது சோதனை, ஆஸ்துமா கேள்வி

மூன்று நாள் கழித்துச் சால்பூட்டமால் 400 மைக்ரோகிராமும் இப்ராட்ரோப்பியம் 160 மைக்ரோகிராமும் சேர்த்துக் கொடுத்து, 40 நிமிடம் கழித்து அளந்தோம். சிகிச்சையை முடிவு செய்ய இது தேவையில்லை. ஆஸ்துமாவும் கலந்திருக்கிறதா என்ற கேள்விக்காக, ஏற்றம் எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க விரும்பினோம். சால்பூட்டமால் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது. இப்ராட்ரோப்பியம் அசிட்டைல்கோலின் தசையை இறுக்குவதைத் தடுக்கிறது. வழி வேறு என்பதால் பலன் கூடும்.

எஃப்இவி1 1.06-லிருந்து 1.35-க்கு ஏறியது: 290 மி.லி., அடிப்படையில் 27 விழுக்காடு, எதிர்பார்ப்பில் 10.7 விழுக்காடு. பழைய வரையறை, புதிய வரையறை இரண்டின்படியும் பலன் உண்டு.

“பலன் இல்லை” என்று முத்திரை குத்தப்பட்டவர் இப்போது “நல்ல பலன்” உள்ளவர். இது அபூர்வமல்ல. டையோட்ரோப்பியத்தை நான்கு ஆண்டு ஆராய்ந்த, ஏறத்தாழ 6000 பேர் பங்கேற்ற அப்லிஃப்ட் ஆய்வில் இதே இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து அளந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகள் 12 விழுக்காடு, 200 மி.லி. என்ற நிபந்தனையைத் தாண்டினார்கள். இன்னொரு பெரிய ஆய்வான ஐசோல்டேயின் தரவுகளை 2003-ல் அலசியபோது, ஒரு வருகையிலிருந்து மறு வருகைக்குள் ஏறத்தாழ பாதிப் பேரின் முத்திரை மாறியிருந்தது. தொடர்ச்சியாக நகரும் ஓர் அளவின் நடுவே கோடு போட்டு ஆட்களை இருபுறமும் நிறுத்தினால், கோட்டருகே நிற்பவர்கள் இங்கும் அங்கும் தாண்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

290 மி.லி. ஏற்றத்தைப் பார்த்ததும் ஆஸ்துமா என்று எழுதி ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்கவில்லை. ஆஸ்துமாவைத் தீவிரமாக நினைக்கச் சொல்லும் ஏற்றம் 400 மி.லி.க்கு மேல்; இவர் இரண்டு மருந்து சேர்த்தும் அதை எட்டவில்லை. டிஎல்சிஓ எனப்படும் வாயு பரிமாற்றத் திறன் எதிர்பார்ப்பில் 48 விழுக்காடு. ஆஸ்துமாவில் அது பொதுவாகக் குறைவதில்லை. சிடி ஸ்கேனில் மேல்மடல்களில் எம்பைசீமா. இரத்த ஈசினோபில் (ஆஸ்துமாவில் அடிக்கடி கூடும் வெள்ளணு) மைக்ரோலிட்டருக்கு 140, அதிகமில்லை. நோய் திடீரென முற்றிய வரலாறு இல்லை. இத்தனையும் ஒரே திசையில் நிற்கும்போது, ஒரு நாள் ஏற்றத்தை வைத்து ஸ்டீராய்டு கொடுத்து நிமோனியா அபாயத்தைக் கூட்டுவதில் நியாயமில்லை.

சிகிச்சை

கோல்டு பிரிவு பி: அறிகுறி அதிகம், நோய்முற்றல் இல்லை. லாமாவும் லாபாவும் சேர்ந்த இன்ஹேலரை அன்றே தொடங்கினோம். இந்த முடிவுக்கு மூச்சிரைப்பும் கேட் மதிப்பெண்ணும் மட்டுமே போதும். முதல் அறிக்கையிலேயே இவருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும், நிறுத்தியிருக்கக் கூடாது. பலன் எவ்வளவு என்ற அளவை வைத்து நீண்டகாலச் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம் என்று கோல்டு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இன்ஹேலரை எதிரிலேயே இழுக்க வைத்துப் பார்த்தோம். மூச்சை அடக்காமல் உடனே விட்டுவிடும் பழக்கம் இருந்தது, திருத்தினோம். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் தடுப்பூசிகளும் ஏற்பாடாயின.

எட்டு வாரம் கழித்து கேட் மதிப்பெண் 24-லிருந்து 17. ஆறு நிமிட நடை 290 மீட்டரிலிருந்து 345. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

நான்காவது அறிக்கை

அன்று காலை இன்ஹேலர் இழுத்து மூன்று மணி நேரம் கழித்து ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். வேண்டுமென்றேதான் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. சிகிச்சையில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். எஃப்இவி1 1.31 லிட்டர், எஃப்விசி 2.86, இழுப்புக் கொள்ளளவு 1.96. சால்பூட்டமால் 400 மைக்ரோகிராமுக்குப் பிறகு எஃப்இவி1 1.37, எஃப்விசி 2.93. ஏற்றம் 60 மி.லி., 70 மி.லி.; எதிர்பார்ப்பில் தலா 2 விழுக்காட்டை ஒட்டி.

கணினி தானாக அச்சடித்த விளக்கம் மறுபடியும் “பலன் இல்லை” என்றது. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருப்பதால்தான் ஏறுவதற்கு மீதி இல்லை. அந்த வரியை அடித்துவிட்டுக் கையால் இப்படி எழுதினோம்:

“லாமா-லாபா கடைசியாக இழுத்தது காலை 7:15. சோதனை 10:20. சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம், ஸ்பேசர் வழி, 15 நிமிட இடைவெளி. ஊதல் நேரம் 12 வினாடி, முன்னும் பின்னும். மருந்தில்லா நிலையின் எஃப்இவி1 1.02 லிட்டர், இழுப்புக் கொள்ளளவு 1.58 லிட்டர், அவற்றோடு ஒப்பிடவும். இந்த அறிக்கையை வைத்து இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.”

அதன் ஒரு பிரதியை நோயாளியின் கோப்பில் வைத்தோம். இன்னொன்றை அவர் கையிலேயே கொடுத்து, இனி எங்கே ஊதச் சொன்னாலும் முதலில் இதைக் காட்டும்படி சொல்லியனுப்பினோம்.